ஓர் அடிக்குறிப்பைத் தேடி மதுரை நூலகங்களில்

சித்திரைத் திருவிழாவைப் பற்றி ஒரு தடவையாவது கட்டுரை எழுதாமல் மதுரைக் கல்லூரிகளில் பட்டம் வாங்குவது கடினம். தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை, சமூகவியல் எதுவானாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். அந்தக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: மாசியில் நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும் தேனூரில் நடந்த அழகர் விழாவையும் ஒன்று சேர்த்துச் சித்திரைக்குக் கொண்டுவந்தவர் திருமலை நாயக்கர். ஆட்டோ ஓட்டுநர் முதல் கோயில் வாசலில் பூ விற்பவர் வரை ஊருக்கே தெரிந்த செய்தி. வழிகாட்டும் பேராசிரியர் மட்டும் சிவப்பு மையில் அதன் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதுவார்: "ஆதாரம்?"

அந்தக் கேள்விக்குறியைப் போக்க ஒரு முதுகலை மாணவி கிளம்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எங்கே போவாள்?

முதலில் கைப்பேசிதான். இரண்டு நிமிடத்தில் நாற்பது வலைப்பக்கங்கள் அதே வாக்கியத்தைச் சொல்லும், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. நாற்பது பேர் சொன்னதால் அது நாற்பது ஆதாரம் ஆகிவிடாது. அடுத்து செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்பாள். அது இன்னும் ஆபத்து. ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணோடு ஒரு நூலைக் கொடுக்கும். தேடிப் போனால் அப்படி ஒரு நூலே அச்சாகியிருக்காது. பார்க்க அசலாகத் தெரியும் போலி மேற்கோள்களோடு வரும் மாணவர்கள் இன்று உலகம் முழுக்க நூலகர்களுக்குப் புதிய தலைவலி.

ஆகவே, நூலகம். மதுரைக்காரர்களுக்கு இப்போது அந்தச் சொல்லைக் கேட்டதும் புது நத்தம் சாலைதான் நினைவுக்கு வருகிறது. 2023 ஜூலை 15, காமராசர் பிறந்த நாளில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2 லட்சம் சதுர அடிக்கு மேல் பரந்தது. குளுகுளு அறை, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, போட்டித் தேர்வு எழுதுவோருக்கு இடம் என்று எல்லாம் உண்டு. அதற்கு முன்பு சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்தை நம்பியிருந்த ஊருக்கு இது பெரிய வரவு. ஆனால் பொது நூலகத்துக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கும் வேலை வேறு. முன்னது வாசகருக்கானது. பின்னது சண்டைக்கானது, அதாவது ஒரு கூற்றை யார் சொன்னார், எதை வைத்துச் சொன்னார், யார் மறுத்தார் என்று பார்ப்பதற்கானது. ஆய்வேடுகளும் துறை இதழ்களும் பழைய அறிக்கைகளும் அங்கேதான் சேரும்.

அதனால் மாணவி தேனி சாலையில் பஸ் ஏறுகிறாள். நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டினால் பல்கலை நகர். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 1978-இல் காமராசர் பெயரைப் பெற்ற நிறுவனம். முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். தமிழறிஞர், மொழியியலாளர். நூலகத்துக்கும் அவர் பெயர்தான். வெளிக் கல்லூரி மாணவர் எந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனாலும் முன்கூட்டியே ஒன்று செய்துகொள்வது நல்லது. கல்லூரி முதல்வரிடமோ துறைத்தலைவரிடமோ ஓர் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொள்ள வேண்டும். அடையாள அட்டை மட்டும் போதும் என்று நினைத்து வந்துவிட்டு, வாசலில் நின்று துறைக்கு போன் போடுபவர்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு.

உள்ளே போனதும் பெரும்பாலோர் செய்வது, கணினி அட்டவணையில் "சித்திரைத் திருவிழா" என்று தட்டுவது. வந்தால் நாலு, வராவிட்டால் "இங்க ஒண்ணுமே இல்ல". பிழை நூலகத்தில் இல்லை. பழைய ஆங்கில நூல்களில் ஊரின் பெயர் "மதுரா". அழகரின் ழகரத்தை ஒருவர் எல் போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் இசட்-எச் போட்டிருப்பார். நாயக்கர் ஒரு நூலில் நாயக், மறு நூலில் நாயக்கா. இத்தனையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் பொறுமைக்குத்தான் தேடல் என்று பெயர். அதைவிடச் சுருக்குவழி, கணினியை விட்டுவிட்டு அலமாரிக்கே போவது. டூவி பகுப்புமுறை உள்ள நூலகமானால் தமிழ் இலக்கியம் 894.811-இல் நிற்கும். தேடிய நூலை எடுத்த கையோடு அதற்கு இடமும் வலமும் உள்ள இருபது நூல்களின் முதுகைப் படித்தால், கணினி சொல்லாத இரண்டு நூலாவது கிடைக்கும். வாசகர் கையால் நூலைத் தொட்டு எடுக்க வேண்டும் என்று வாதாடியவர் நம் சீர்காழிக்காரர்தான். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், வேண்டாவெறுப்பாகத்தான் அந்த வேலைக்குப் போனார். பிறகு கோலன் பகுப்புமுறையை உருவாக்கி 1933-இல் வெளியிட்டு, உலக நூலகத்துறையையே திரும்பிப் பார்க்க வைத்தார்.

இன்னொரு வழியும் இருக்கிறது, ஆனால் நம் பிள்ளைகள் கூச்சப்பட்டு அதைத் தொடுவதில்லை. நூலகரிடம் கேட்பது. அதிலும் கேட்கும் விதம் இருக்கிறது.

"சார், சித்திரைத் திருவிழா பத்தி புக் வேணும்" என்றால், "அந்தப் பக்கம் பாரும்மா" என்று கை காட்டுவார். "சார், திருமலை நாயக்கர்தான் விழாவை மாத்தினாருன்னு அச்சில முதல்ல யார் எழுதினாங்கன்னு பாக்கணும்" என்றால், எழுந்து நிற்பார். "நெல்சன் பாத்தியாம்மா?" என்பது அநேகமாக அவருடைய அடுத்த கேள்வியாக இருக்கும்.

ஜே.எச். நெல்சன் மதுரை மாவட்டத்தில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி. அவர் தொகுத்த மதுரை மாவட்டக் கையேடு 1868-இல் வந்தது. அதற்கு அடுத்த தலைமுறையில் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய மாவட்ட கெசட்டியர் 1906-இல். நாயக்கர் காலத்துக்கு இன்றும் முதலில் எடுக்க வேண்டிய நூல் ஆர். சத்தியநாத ஐயர் எழுதி 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக வரலாற்று வரிசையில் வந்த மதுரை நாயக்கர் வரலாறு. பெரும்பாலான மாணவர்கள் அந்த நூலின் முன்பாதியை மேற்கோள் காட்டிவிட்டு மூடிவிடுவார்கள். சுவையான சரக்கு பின்னிணைப்பில் இருக்கிறது. 1606-இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது முதல், இங்கே இருந்த இயேசு சபைத் துறவிகள் ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றை பெர்த்ராண்டு என்ற பாதிரியார் பிரெஞ்சில் தொகுத்தார். அவற்றில் முக்கியமான பகுதிகளைச் சத்தியநாத ஐயர் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். அதாவது திருமலை நாயக்கர் ஆண்ட 1623 முதல் 1659 வரையான காலத்தை நேரில் கண்டவர்களின் எழுத்து, பிரெஞ்சு தெரியாத மதுரை மாணவிக்கும் நூறு ஆண்டுகளாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மூலத்தையே தேடுபவர்களுக்குக் கொடைக்கானல் செண்பகனூரில் இயேசு சபையின் ஆவணக் காப்பகம் உண்டு. மலையேறத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் தொ. பரமசிவனைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த அழகர்கோயில் ஆய்வைப் பல்கலைக்கழகமே 1989-இல் நூலாக வெளியிட்டது. ஆய்வேடு என்றால் கரையான் மட்டும் வாசிக்கும் சரக்கு என்ற பேச்சுக்கு அந்த நூல் நல்ல மறுப்பு. பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர்களும் அதைத் தேடிப் படித்தார்கள். காரணம் நடை மட்டுமல்ல, அவர் ஆதாரம் தேடிய முறை. கோயில் என்றதும் கல்வெட்டையும் தலபுராணத்தையும் எடுத்துக்கொண்டு உட்காராமல், அழகரோடு கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் சமூகத்தாருக்கு என்ன உறவு என்று மக்களிடம் போய்க் கேட்டார். வர்ணிப்புப் பாடல்களைச் சேர்த்தார். பதினெட்டாம்படிக் கருப்பசாமியைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். நூலகத்தில் கிடைத்ததும் களத்தில் கிடைத்ததும் ஒன்றையொன்று குறுக்கு விசாரணை செய்யும் ஆய்வு அது. பின்னாளில் மதுரை தியாகராசர் கல்லூரியிலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்து, 2020 டிசம்பர் 24-இல் மறைந்தார். சித்திரைத் திருவிழா பற்றி எழுதும் மாணவர் இந்த நூலைப் பார்க்கவில்லை என்றால் அந்தக் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படிக்கும்போது ஒரு பழக்கம் வேண்டும். ஆய்வேட்டைக் கையில் எடுத்ததும் முன்னுரையைவிட முதலில் துணைநூற்பட்டியலைப் பார்க்க வேண்டும். ஒருவர் மூன்று நான்கு ஆண்டு அலைந்து சேர்த்த பட்டியல் அங்கே சும்மா கிடக்கிறது. அதில் பத்து நூலைக் குறித்துக்கொண்டால் அடுத்த பத்து நாள் வேலை தயார்.

ஆய்வேடுகளைப் பார்க்கப் பல்கலை நகர் வரை போகவும் வேண்டியதில்லை என்ற நிலை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியைக் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2009-இல் விதி செய்தது. அவை காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில் சேர்கின்றன. காசு இல்லை, கடவுச்சொல் இல்லை, இயல் இயலாகப் பிரித்துத் தரவிறக்கலாம். தமிழ் ஆய்வேடுகளில் மட்டும் ஒரு சிக்கல். பல, பக்கங்களை வருடி ஏற்றிய படங்கள். சில, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் டிடிபி சென்டரில் அடித்தவை. இரண்டிலும் உள்ளே இருக்கும் சொல்லைத் தேடினால் எதுவும் வராது, நகலெடுத்து ஒட்டினால் பூச்சி பூச்சியாக விழும். எனவே தலைப்பு, நெறியாளர் பெயர், துறை என்று சுற்றி வளைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது வெளிநாட்டு ஆய்விதழ்கள். மதுரையைப் பற்றி எழுதியதை மதுரையில் இருப்பவர் படிக்க டாலர் கட்ட வேண்டும் என்ற விசித்திரம் இங்கேதான் உறைக்கும். டென்னிஸ் ஹட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிவன், மீனாட்சி, விஷ்ணு கதையைப் பற்றி 1977-இல் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். இந்தியப் பொருளாதார, சமூக வரலாற்றுக்கான ஆய்விதழில் வந்தது. தங்கை கல்யாணத்துக்குத் தாமதமாக வந்த அழகர் கோபித்துக்கொண்டு ஆற்றோடு திரும்பினார் என்பது ஊர்க்கதை. கோயில் வழக்கமோ வேறு. மீனாட்சியைத் தாரைவார்த்துக் கொடுக்கத் திருப்பரங்குன்றத்திலிருந்து பவளக்கனிவாய்ப் பெருமாள் வருகிறார். அழகர் வைகைக்கு வருவது மண்டூக மகரிஷிக்குச் சாப விமோசனம் தர. வண்டியூர்ப் பக்கம் அந்தச் சடங்கு நடக்கும் மண்டபத்துக்கு இன்றும் தேனூர் மண்டபம் என்றே பெயர். இந்த முரண்களுக்குள் புகுந்து எழுதியவர் ஹட்சன். இப்படிப்பட்ட ஒரு கட்டுரையைத் தனியாக விலைக்கு வாங்கப் போனால் பல பதிப்பகங்களில் 30 டாலரைத் தாண்டும். விடுதி மெஸ் பில்லை நினைத்துக்கொண்டு மாணவி அந்தப் பக்கத்தை மூடிவிடுவாள்.

இங்கேதான் அண்மையில் ஒரு மாற்றம். ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-இல் ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எல்சவியர், ஸ்பிரிங்கர், சேஜ், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் உள்ளே. மேலே சொன்ன ஆய்விதழ் சேஜ் வெளியீடு. அரசு நிர்வாகத்தில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இது. தனியார் சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் முதல் கட்டத்தில் வெளியேதான் நிற்கிறார்கள், நாட்டில் அவர்கள்தான் அதிகம் என்றாலும். அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு இன்ஃப்ளிப்நெட்டின் என்-லிஸ்ட் என்ற பழைய வழி ஒன்று உண்டு. மதுரையின் பழைய பெரிய கல்லூரிகள் பலவும் உதவி பெறும் வகைதான். அந்தக் கல்லூரி நூலகத்தில் போய், "என்-லிஸ்ட் லாகின் வேணும் மேடம்" என்று கேட்டாலே கிடைத்துவிடும். கேட்பவர்தான் குறைவு. வாங்கியவர்களும் கடவுச்சொல்லை ஒரு தடவை போட்டுப் பார்த்ததோடு சரி.

கிடைக்காதபோது மாணவர்கள் போன குறுக்குச் சந்து, பதிப்பகங்களின் அனுமதியின்றிக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப். 2020 டிசம்பரில் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், அந்தத் தளத்தை முடக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. அதே நீதிமன்றம் 2016 செப்டம்பரில் வேறு முகம் காட்டியது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை ஒன்று பாட நூல்களின் பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்றதற்காகப் பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. கல்விக்கான நகலுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடம் உண்டு என்று நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நம் ஊர்க் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைகளுக்கு அந்தத் தீர்ப்பு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஸ்பைரல் பைண்டிங் நிற்காமல் நடக்கிறது.

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் இந்த ஊரில் ஆய்வு நூலகங்கள் உண்டு. கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டபோது மதுரையில் உடனே பிரதி கிடைக்கவில்லையாம். அந்த வருத்தத்தில் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவியதுதான் மதுரைத் தமிழ்ச் சங்கம் என்று சொல்வார்கள். சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலை, "செந்தமிழ்" இதழ். ரா. இராகவையங்காரும் மு. இராகவையங்காரும் ஆசிரியர்களாக இருந்த அந்த இதழின் பழைய தொகுதிகளில் சில இப்போது மின்னூலகங்களிலும் கிடைக்கின்றன. அமெரிக்கன் கல்லூரி நூலகத்துக்கு டேனியல் பூர் பெயர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி நடத்திவிட்டு 1830-களில் மதுரைக்கு வந்த பாதிரியார் அவர். தமுக்கம் பக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் நேரு திறந்து வைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தோடும் ஒரு நூலகம் இருக்கிறது. மதுரைக்கு வெளியேயும் சில உண்டு. காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் நாடக நோட்டீஸ்களும், 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆய்வு நூலகமாயின. பழைய திருவிழா அழைப்பிதழோ குஜிலிப் பாட்டுப் புத்தகமோ வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். புதுக்கோட்டை ஞானாலயா நூலகத்தில் முதல் பதிப்புகள்.

இத்தனையும் சுற்றி வந்தபின் கட்டுரை எழுதும் கட்டம். இங்கே ஒரு சட்டமும் காத்திருக்கிறது. 2018-இல் வந்த மானியக்குழு விதிப்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. சதவீதத்தைக் குறைக்கச் சொல்லை மாற்றிப் போடும் கலை ஒன்று மாணவரிடையே வளர்ந்திருக்கிறது. "கட்டினார்" என்பது "எழுப்பினார்" ஆகும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. யாரிடமிருந்து எடுத்தது என்று ஒரு வரி அடிக்குறிப்புப் போடுவது அதைவிட எளிது. வெளியிடும் இதழிலும் கவனம் வேண்டும். காசு கட்டினால் மூன்று நாளில் அச்சேற்றும் "சர்வதேச" இதழ்கள் பெருகியதால், 2018 மே மாதம் மானியக்குழு தன் பட்டியலிலிருந்து ஒரே மூச்சில் 4,305 இதழ்களை நீக்கியது.

நம் மாணவியின் கேள்விக்குறி என்ன ஆகும்? "திருமலை நாயக்கர் மாற்றினார்" என்று முழுக்குரலில் எழுதியதை, "மாற்றினார் என்பது மதுரை வழக்கு" என்று அவள் இறக்கி எழுதலாம். அந்த வழக்கு எந்த நூலில், எந்த ஆண்டில் அச்சேறியிருக்கிறது, ஹட்சன் அதை எப்படிப் பார்க்கிறார், தொ.ப. எங்கே வேறுபடுகிறார் என்று கீழே நான்கு அடிக்குறிப்புகள் போடலாம். சிவப்பு மைப் பேராசிரியர் அதற்குமேல் கேட்டால், அது அவருடைய ஆய்வுக்கான தலைப்பு.

இன்னும் யாரும் திறக்காத ஒரு கிடங்கு மிச்சம் இருக்கிறது. 2022 விதிகளோடு எம்.ஃபில். படிப்பையே மானியக்குழு நிறுத்திவிட்டது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக மதுரை வட்டாரக் கல்லூரிகளில் எம்.ஃபில். மாணவர்கள் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், சோழவந்தான் என்று அவரவர் ஊர்க் கோயிலையும் கூத்தையும் விவசாயத்தையும் பற்றி எழுதிய ஆய்வேடுகள் ஷோத்கங்காவுக்குள் பெரும்பாலும் வரவில்லை. தேனூர்ப் பெரியவர்களை யாரோ ஒருவர் முப்பது வருடத்துக்கு முன் நேரில் கண்டு கேட்டு எழுதியிருந்தால், அந்தக் காலிகோ பைண்டிங் படி இப்போது ஏதோ ஒரு துறையின் இரும்பு பீரோவில் இருக்கும். அட்டவணை கிடையாது. துறை அலுவலக உதவியாளரிடம் கேட்டால் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்வார்.